மூணாறு குளிருக்கு இடுப்பு உறை: ஜெர்கினுக்குள்ளே .32 ரிவால்வர், எந்த ஹோல்ஸ்டர் சரி?

#1 சூரியநெல்லி_ஏலம்

விவரத்தைக் கொடுத்துடுறேன், அப்பத்தான் சரியா சொல்ல முடியும். ஐ.ஓ.எஃப். (அரசு ஆயுதத் தொழிற்சாலை) .32 ரிவால்வர், நடுவுல மடங்கித் திறக்கிற மாடல். லைசென்ஸ்ல தமிழ்நாடு, கேரளா ரெண்டும் ஏறியிருக்கு. வலது கை. போடிக்கும் தோட்டத்துக்கும் [பணம் கொண்டு போற கிழமை, வழி நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்] பாதி ஜீப், பாதி நடை. மார்கழி, தை காலையில உள் பனியன், சட்டை, ஸ்வெட்டர், மேல ஜெர்கின்.

இப்ப இருக்கிறது கடையில கிடைச்ச நைலான் துணி உறை. மூணு குறை: துப்பாக்கியை எடுத்ததும் வாய் சப்பையாயிடுது, பனியில நனைஞ்சா ரெண்டு நாளைக்குக் காயாது, பெல்ட்டோட சேர்ந்து வெளிப்பக்கமா சாயுது. தோல் வாங்கவா, கைடெக்ஸ் (சூடு பண்ணி அச்சு எடுக்கிற கெட்டி பிளாஸ்டிக்) வாங்கவா, இல்ல தோள்ல மாட்டுற மாதிரி வாங்கவா?

மட்டுறுத்துநர்: பணம் எந்தக் கிழமை, எந்த ரோட்டுல போகுதுன்னு பொதுவுல எழுதாதீங்க. உறையைப் பத்திக் கேளுங்க, போதும்.

#2 பழைய_ஆர்மரர்

தம்பி, முதல்ல சட்டையைப் பத்திப் பேசுவோம். உறை பெறகு.

இணையத்துல குளிருக்கான உறைன்னு தேடினா அலாஸ்கா, கனடா ஆளுங்க எழுதினதுதான் வரும். அவங்க குளிர் காய்ஞ்ச குளிர், மைனஸ் இருபது முப்பது. நம்ம குளிர் நனைஞ்ச குளிர். மூணாறு செண்டுவாரை, சைலன்ட்வாலி எஸ்டேட் பக்கம் ஜனவரியில பூஜ்யத்தைத் தொட்டுப் புல்லு மேல உறைபனி விழும், சரி. ஆனா அது சில நாள். மத்த நாளெல்லாம் மஞ்சு, சாரல், ஈரம். அங்க உறை உடையுதான்னு கவலை, இங்க பூஞ்சணம் பிடிக்குதான்னு கவலை.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒண்ணு. அங்க காலையில போட்ட கோட்டை ராத்திரி வரைக்கும் கழட்ட மாட்டாங்க. நீங்க போடிமெட்டுல ஜெர்கின் போட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவு இறங்கினதும் போடியில வேர்த்துக் கழட்டுவீங்க. ஒரு மணி நேரத்துல எட்டு டிகிரியில இருந்து முப்பதுக்கு வந்துடுறோம். ஜெர்கினை நம்பி மறைச்ச துப்பாக்கி அந்த நிமிஷம் டீக்கடையில எல்லாருக்கும் தெரியும். ஆயுத விதிகள் 2016 படி பொது இடத்துல கைத்துப்பாக்கி உறைக்குள்ள இருக்கணும், முழுசா மறைஞ்சிருக்கணும், வெச்சிருக்கிறவரோட கட்டுப்பாட்டுல இருக்கணும். பாதி தெரிஞ்சாலும் தப்புதான்.

அதனால கணக்கு இப்படி: மறைக்கிற வேலை ரெண்டாவது அடுக்கோடது. ஜெர்கின் வெறும் குளிருக்கு. உள் பனியனை பேண்ட்டுக்குள்ள விட்டுக்கணும். அது உடம்புக்கும் உறைக்கும் நடுவுல நிக்கும், வேர்வை இரும்புல படாது. சட்டையை வெளிய விடணும். இடுப்புக்குக் கீழ ஒரு சாண் இறங்கி, உறையோட அடி நுனியைத் தாண்டி நாலு விரக்கடையாவது மறைக்கிற நீளம் வேணும். கையை மேல தூக்கி, குனிஞ்சு, ஜீப்ல ஏறிப் பாருங்க. அடி நுனி எட்டிப் பாத்தா அந்தச் சட்டை ஆகாது. ஸ்வெட்டர் தலை வழியா மாட்டுறது வேண்டாம், முன்பக்கம் பட்டன் வெச்சதா எடுங்க. ஜெர்கின்ல ரெண்டு பக்கம் திறக்கிற ஜிப் இருந்தா உத்தமம். கீழ இருந்து ஒரு முக்கால் அடி திறந்து விட்டா மேல கதகதப்பு போகாது, கையும் உள்ள போகும்.

இந்த அடுக்குக்குச் சரியா வர்றது பெல்ட்டுக்கு வெளிய, உடம்போட ஒட்டி, கொஞ்சம் உசரமா நிக்கிற தட்டை உறை. ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிஞ்சு ரெண்டு பெல்ட் துளையோட வரும், பேன்கேக்னு சொல்வாங்க. வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால, கைப்பிடி முன்பக்கமா 10–15 டிகிரி சாய்ஞ்சு இருக்கணும். சாய்வு இல்லாம நேரா நின்னா குனியும்போது கைப்பிடி ஸ்வெட்டரைக் குத்திக்கிட்டுத் துருத்தும்.

பேண்ட்டுக்குள்ள சொருகுற உறை குளிருக்கு ஒத்து வராதுன்னு இல்ல. ஆனா காலையில உள்ள தெர்மல் போட்டு, மத்தியானம் கழட்டினா இடுப்பு ஒண்ணு ஒண்ணரை ஓட்டை தளரும், உறை ஆட்டம் கண்டுடும். நடை அதிகம்னா ஏத்தத்துல வேர்வை நேரா இரும்புல இறங்கும். உங்களுக்கு வெளி உறைதான்.

#3 கேப்ரோடு_பைக்

கைடெக்ஸ் வாங்குங்க, முடிஞ்சது கதை. தண்ணி குடிக்காது, வாய் சப்பையாகாது, பூஞ்சணம் இல்ல. குழாய்ல கழுவி உதறினா தீர்ந்துச்சு. 2 மி.மீ. தடிமன் ஷீட்ல செஞ்சது போதும். 1.5 மி.மீ. பேண்ட்டுக்குள்ள வைக்க மெல்லிசா நல்லாருக்கும், பெல்ட்டுக்கு வெளிய வெச்சா வளையும். மூணாறு குளிர்ல எல்லாம் அது உடையாது. வெயில்தான் அதுக்கு எமன்: மூடின வண்டி டேஷ்போர்டுல சித்திரை வெயில்ல போட்டா இளகி வடிவம் மாறிடும்.

கவனிக்க வேண்டியது ரெண்டு. பிடிப்பைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூவுக்கு அடியில ரப்பர் புஷ் இருக்கும். குளிர்ல அது இறுகி, மத்தியானம் தளரும், ஜீப் குலுக்கல்ல ஸ்க்ரூ சுத்திச் சுத்திக் கழண்டுடும். நீல நிற லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கிற பசை) ஒரு சொட்டு, ஸ்க்ரூல வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு. கோடு நகர்ந்திருந்தா தெரிஞ்சுடும். ரெண்டாவது, மண்ணு. தேயிலைத் தூசி, ரோட்டு மண்ணு உள்ள மாட்டினா துப்பாக்கியோட நீலப் பூச்சை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

அப்புறம் பைக் ஓட்டுறவங்க முதுகுத் தண்டுக்கு நேர் பின்னால உறை வைக்கவே வைக்காதீங்க. மூணாறு கேப் ரோடு ஈரத்துல சறுக்கினா மல்லாக்க விழறது அது மேலதான்.

#4 கம்பம்_தோல்பட்டறை

கேப்ரோடு சொன்னதுல தப்பு இல்ல, ஆனா ஒண்ணை விட்டுட்டார். ரெடிமேட் கைடெக்ஸ் எல்லாம் வெளிநாட்டு மாடலுக்கு அச்சு வெச்சு வர்றது. நம்மூர் மடங்கு ரிவால்வருக்கு அதுல எதுவும் உட்காராது. "யுனிவர்சல்"னு விக்கிறது எதுக்குமே உட்காராதுன்னு அர்த்தம். கைடெக்ஸ் வேணும்னா அந்தத் துப்பாக்கிக்கே அச்சு எடுத்துச் செய்யணும். ரிவால்வருக்கு உருளை (தோட்டா போடுற சுழல் அறை) அகலம், குழல் ஒல்லி. உருளைக்கு இடம் விட்டா குழல் பக்கம் ஆடும், குழலை இறுக்கினா உருளை மாட்டும். தோல்னா ரெண்டையும் தழுவிக்கும்.

ஆனா எந்தத் தோல்ங்கிறதுல எல்லாம் இருக்கு. குரோம் போட்டுப் பதனிட்ட தோல் வேண்டாம். மெத்துமெத்துன்னு இருக்கும், ஆனா வடிவம் நிக்காது, அதுல தங்குற உப்பு இரும்பைப் பிடிக்கும். பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான் வேணும். திண்டுக்கல், ஈரோடு பக்கம் ஆவாரம்பட்டை, வேட்டல் பட்டை, கடுக்காய் வெச்சுப் பதனிட்டது நம்ம பக்கத்துத் தொழில்தான். (வட்டவடைக்காரங்க திட்டுற அதே வேட்டல் மரம். பட்டைக்காகத்தான் இந்த மலையிலெல்லாம் நட்டாங்க.) எருமை, மாடு எதுவா இருந்தாலும் தடிமன் 3.2 முதல் 3.6 மி.மீ. கத்தியால ஒரு ஓரத்தை வெட்டிப் பாருங்க: நடுவுல வெளிர் நீலம், சாம்பல் தெரிஞ்சா குரோம். முழுக்க மரக்கலர்னா பட்டைத் தோல்.

வாய்க்கு ரெண்டாவது அடுக்குத் தோல் வெச்சுத் தைக்கச் சொல்லுங்க. உங்க நைலான் உறையில நடந்தது அதுதான்: வாய் சப்பையாச்சுன்னா அதைத் திறக்க இடது கை வரும், அந்தக் கை குழலுக்கு முன்னால நிக்கும். குளிர்ல மேல ஸ்வெட்டர், ஜெர்கின் அழுத்துறதால சாதாரண வாய் இன்னும் சீக்கிரம் படுத்துடும். ரெண்டு அடுக்கோ, உள்ள ஒரு மெல்லிசு இரும்புப் பட்டையோ கட்டாயம்.

நூல் பருத்தி வேண்டாம், ஒரு மழைக்காலத்துல மக்கிடும். மெழுகு ஏத்தின நைலான் நூல், அங்குலத்துக்கு ஆறு ஏழு தையல். டிச் பட்டன் பித்தளை. இரும்புல போட்டா ஆடி மாசம் துரு கறை சட்டையில ஏறும்.

வடிவம் பிடிக்க வைக்கிற முறை, தெரிஞ்ச செருப்புத் தைக்கிறவர்கிட்ட செய்யச் சொன்னாலும் இதைக் காட்டுங்க:

தைச்சு முடிச்ச உறையை வெதுவெதுப்பான தண்ணியில முக்கணும். குமிழி வர்றது நின்னதும் எடுக்கணும், ஒண்ணு ரெண்டு நிமிஷம். சுடுதண்ணி வெச்சா தோல் சுருங்கி மொறமொறன்னு ஆகிடும். உள்ள வைக்க மரத்துல செதுக்கின போலி இருந்தா நல்லது. இல்லாம துப்பாக்கியையே வைக்கிறதா இருந்தா தோட்டா வேற ரூம்ல இருக்கணும், துப்பாக்கியைத் திறந்து ஆறு அறையும் காலின்னு விரலால தொட்டுப் பாத்து, எண்ணெய் தடவி, மெல்லிசு பாலிதீன்ல ரெண்டு சுத்து. முன் குறி (குழல் நுனியில குறி பாக்கிற மேடு) முதுகுல ஒரு ஐஸ் குச்சியை டேப் போட்டு ஒட்டுங்க. இதை மறந்துட்டு எத்தனை உறை வீணாகுது தெரியுமா! குச்சி இல்லாம அமுக்கினா தோல் முன் குறியைக் கவ்விக்கிட்டுக் காயும், உருவும்போது தோல் சிராய் சிராயா வரும். அப்புறம் கட்டைவிரல், வழவழப்பான ஸ்பூன் பின்பக்கம், இதால உருளை விளிம்பு, டிரிகர் வளையம் ரெண்டையும் அழுத்திக் கோடு எடுக்கணும். டிரிகர் வளையத்து மேல எடுத்த அழுத்தம்தான் பிடிப்பு. மத்த இடமெல்லாம் அழகுக்கு.

காய வைக்கிறது ஃபேன் காத்துல. கம்பத்துல ஒரு நாள், மூணாறுல ரெண்டு நாள். அடுப்பு மேல பரண்ல வெச்சா சீக்கிரம் காயும்னு ஆசைப்படாதீங்க, வெடிக்கும். காய்ஞ்ச பெறகு தேன்மெழுகு ஒரு பங்கு, நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எண்ணெய்) ரெண்டு பங்கு, இளக்கி வெளிப்பக்கம் மட்டும் மெல்லிசா. எண்ணெயை ஊத்தி ஊறப்போட்டா தோல் தொளதொளன்னு ஆகி, பிடிப்பு போயே போச்சு.

#5 சூரியநெல்லி_ஏலம்

ரொம்ப நன்றிண்ணே. இன்னும் மூணு சந்தேகம். ஒண்ணு, ஜீப்ல சீட் பெல்ட் போட்டா வலது இடுப்பு மாட்டிக்குது, அதனால தோள் உறை நல்லதான்னு தோணுது. ரெண்டு, கைக்கு உல்லன் கிளவுஸ் போட்டுக்கலாமா? மூணு, துப்பாக்கி நழுவாம உறைக்கு மேல பிடிக்கிற கட்டைவிரல் வார் வேணுமா வேண்டாமா?

#6 பழைய_ஆர்மரர்

தோள் உறை சினிமாவுக்கு. படுக்கை வாட்டுல தொங்குறது குழலைப் பின்னால நீட்டும். ஜீப்ல பின் சீட்டுல உட்கார்ந்திருக்கிறவங்க எல்லார் மேலயும் அது திரும்பித்தான் இருக்கும். நேர் வாட்டுல தொங்குறது பரவாயில்ல, ஆனா ஜெர்கினைக் கழட்டினா வார் அம்புட்டும் தெரியும். சட்டைக்கு அடியில போட்டா எட்டாது, மேல போட்டா மறையாது.

சீட் பெல்ட் பிரச்சினைக்குச் சரியான மாத்து குறுக்கு உறை. இடது இடுப்பு முன்பக்கம், தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, கைப்பிடி வலப்பக்கம் பாத்து. உட்கார்ந்தா மடியில இருக்கிற மாதிரி. ஜெர்கின் ஜிப்பை மேல இருந்து பாதி இறக்கினா வலது கை நேரா போகும். சட்டை பட்டனைக் கழட்ட வேண்டியிருக்காது. கீழ ரெண்டு பட்டன் போடாம விட்டா போதும். நம்ம ஊர் வண்டியில டிரைவருக்கு சீட் பெல்ட் வலது தோள்ல இருந்து இறங்கி, இடது இடுப்புப் பக்கம் மாட்டும். உறை கொக்கிக்கு மேல நிக்குதா, அதுல முட்டுதான்னு வண்டியிலேயே உட்கார்ந்து பாத்துட்டுத்தான் இடம் முடிவு பண்ணணும். குறுக்கு உறைக்கு ஒரே குறை, உருவும்போது குழல் இடப்பக்கத்து ஆளைத் தாண்டித்தான் முன்னால வரும். வலது இடுப்பா குறுக்கான்னு பாதிப் பாதி யோசிக்காதீங்க. அதிக நேரம் வண்டியிலன்னா குறுக்கு, அதிக நேரம் நடைன்னா இடுப்பு.

கிளவுஸ்: உல்லன் வேண்டாம். டிரிகர் வளையத்துக்குள்ள விரல் நுழையும், ஆனா துணி மடிஞ்சு டிரிகருக்கு முன்னால தங்கும். ஒரு தரம் அழுத்தின பெறகு டிரிகர் முழுசா முன்னால திரும்பாது. சறுக்காத மெல்லிசு தோல் கிளவுஸ், இல்லாட்டி வலது கையை ஜெர்கின் பாக்கெட்ல சூடா வெச்சுக்கிட்டு வெறும் கை.

வார்: வேணும். மலை நடை, ஓடை தாண்டுறது, ஜீப் குலுக்கல் எல்லாத்துக்கும் வார் நல்லது. கட்டைவிரலால உள்பக்கமா தள்ளினா டிச் பட்டன் விடுற மாதிரி, வாரோட நுனிக்குள்ள ஒரு மெல்லிசு இரும்புத் தகடு வெச்சுத் தைக்கணும். தகடு இல்லாத வார் வளையும், பட்டன் விடாது. உங்க மாடல்ல இடது பக்கம் கட்டைவிரலால தள்ளித் திறக்கிற தாழ் இருக்கு. வார் அந்தத் தாழ் மேல ஏறி உட்காரக் கூடாது, ஹாமர் (தோட்டாவைத் தட்டுற சுத்தி) பின்பக்கமா போகணும். சுட்டுவிரலால அழுத்தித் திறக்கிற பட்டன் வெச்ச உறைகளைத் தொடாதீங்க: விரைச்ச விரல் பட்டனை அழுத்தின அதே வேகத்துல டிரிகர்ல போய் விழும், பட்டன் இடுக்குல மண்ணு போனா உறை திறக்கவே திறக்காது.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு. இதுதான் குளிர் காலத்துல உசிரோட விளையாடுற விஷயம். உங்க ஜெர்கின் அடியோரத்தைப் பாருங்க. இடுப்பை இறுக்க ஒரு கயிறு ஓடும், நுனியில கயித்தைப் பிடிச்சு நிறுத்துற பிளாஸ்டிக் குண்டு, சுண்டுவிரல் நுனி அளவு. துப்பாக்கியைத் திரும்ப உறையில விடும்போது ஜெர்கின் ஓரம் உறை வாய்க்கு மேல தொங்கும். குண்டு வாய்க்குள்ள விழும். துப்பாக்கி கீழ இறங்க இறங்க, டிரிகர் வளையத்துக்குள்ள அந்தக் குண்டு நுழைஞ்சு நிக்கும். கயிறு மேல ஜெர்கின்ல கட்டியிருக்கு, அதனால குண்டு இறங்காது. துப்பாக்கி மட்டும் இறங்கும். டிரிகரை விரல் அழுத்தினா என்ன, குண்டு அழுத்தினா என்ன. நாம தடை வந்தா "உறை டைட்டா இருக்கு"ன்னு நினைச்சு இன்னும் அமுக்குவோம். குழலுக்கு நேர் கீழ தொடை.

கயித்தை உருவி எடுத்துடுங்க, அல்லது வலப்பக்கக் குண்டை வெட்டிட்டு நுனியை உள்பக்கம் தைச்சுடுங்க. கழுத்து மப்ளர் நுனியும் இதே சங்கதி. உறையில விடும்போது இடது கையால ஜெர்கினை மார்பு வரைக்கும் தூக்கிப் பிடிச்சு, கண்ணால உறை வாயைப் பாத்து, மெதுவா. அவசரமே கிடையாது. ரிவால்வர்ல நமக்கு ஒரு வசதி இருக்கு: வலது கட்டைவிரலை ஹாமர் முதுகுல வெச்சுக்கிட்டே இறக்குங்க. எதாவது டிரிகரை அழுத்தினா ஹாமர் பின்னால கிளம்பும், கட்டைவிரல்ல தெரியும். நிறுத்துங்க, வெளிய எடுங்க, பாருங்க. அஷானி மாதிரி பிஸ்டல்னா பாதுகாப்புத் தாழைப் போட்டுட்டுத்தான் உறை.

பழைய, தொளதொளத்த தோல் உறையும் இதே வேலையைச் செய்யும். வாய் ஓரம் உள்பக்கமா மடிஞ்சு டிரிகர் மேல படிஞ்சுடும். மடிப்புக் கோடு விழுந்த உறையைத் தைச்சுத் திருத்தாதீங்க, வெட்டிக் குப்பையில போடுங்க.

#7 வண்டன்மேடு_அக்கா

எல்லாரும் பேண்ட், பெல்ட்னே பேசுறீங்க. சுடிதார் மேல ஸ்வெட்டர், சால்வை போடுறவங்க என்ன செய்யறது? வேட்டி கட்டுற தோட்டக்காரங்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்க. நிர்பீக் (பொம்பளைங்களுக்குன்னு வந்த சின்ன .32 ரிவால்வர்) வெச்சிருக்கேன்.

#8 கம்பம்_தோல்பட்டறை

அக்கா, நிர்பீக் அரைக் கிலோதான். ஆனா அதுவும் நாடா இடுப்பை இழுத்துடும். சுடிதார் இடுப்புல எதையும் மாட்டாதீங்க. ரெண்டு வழி. ஒண்ணு, டாப்ஸுக்கு அடியில தனி பெல்ட்: 38 மி.மீ. அகலம், ரெண்டு அடுக்குத் தோல், பேண்ட்டோட சம்பந்தமில்லாம இடுப்பெலும்பு மேல நேரா கட்டுறது. அதுல குறுக்கு உறை. டாப்ஸ் பக்கவாட்டு வெட்டு வழியா கை போகும். ரெண்டு, குறுக்கா மாட்டுற பை. ஆனா சும்மா பைக்குள்ள போடக் கூடாது. அதுக்குன்னு தனி அறை, அந்த அறைக்குள்ள டிரிகரை முழுசா மூடுற கெட்டி உறை தைச்சு நிக்கணும், அந்த அறையில சாவி, பேனா, லிப்ஸ்டிக் ஒண்ணும் இருக்கக் கூடாது. பையை நாற்காலியில மாட்டிட்டு எழுந்து போற பழக்கம் இருந்தா இந்த வழியே வேண்டாம். சால்வைக் குஞ்சமும் மேல ஆர்மரர் அண்ணன் சொன்ன பிளாஸ்டிக் குண்டும் ஒண்ணுதான்.

வேட்டிக்காரங்க கட்டுற பச்சைக் கலர் அகல பர்ஸ் பெல்ட்ல உறை தொங்க விடுறதைப் பாத்திருக்கேன். அது பணம் வைக்க. துணிவாட்டா இருக்கிறதால முக்கால் கிலோ பக்கம் வர்ற ரிவால்வரை வெச்சா கீழ்ப்பக்கம் சுருண்டு, கைப்பிடி வெளிய சாயும். பாக்கெட்ல பீடிக்கட்டோட சேர்த்துப் போடுறவங்களும் இருக்காங்க, அதைப் பத்திப் பேசவே வேண்டாம். அவங்களுக்கும் அதே தனி பெல்ட்தான்.

பெல்ட்டும் உறைத் துளையும் ஒரே அளவா இருக்கணும்னு சொல்ல மறந்துட்டேன். 38 மி.மீ. பெல்ட்டுக்கு 38 மி.மீ. துளை. 32 பெல்ட்டை 38 துளையில விட்டா ஒவ்வொரு தரம் உருவும்போதும் உறையும் கூடவே ஆறு மி.மீ. எழும்பும்.

#9 வட்டவடை_பூண்டு

உறைக்குள்ள வெச்ச ரிவால்வர் காலையில டிரிகர் கெட்டியா இருக்கு, மத்தியானம் சரியாயிடுது. உறை இறுக்கமா?

#10 பழைய_ஆர்மரர்

உறை இல்ல. என்ன எண்ணெய் போட்டீங்க? தேங்காய் எண்ணெயா?

#11 வட்டவடை_பூண்டு

ஆமா. வீட்டுல அதுதானே இருக்கு.

#12 பழைய_ஆர்மரர்

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி பக்கத்துலயே உறைய ஆரம்பிக்கும். வட்டவடையில குளியலறைப் பாட்டில்ல கல்லு மாதிரி நிக்குதுல்ல, அதேதான் டிரிகர் ஸ்பிரிங் இடுக்குலயும் நிக்குது. நல்லெண்ணெய் உறையாது, ஆனா நாள்பட்டா பிசினாகும். ரெண்டையும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால கழுவித் துடைச்சுட்டு, துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு, கிடைக்காட்டி தையல் மெஷின் எண்ணெய். சொட்டுன்னா சொட்டுதான், துணியில தொட்டுத் துடைச்சா விரல்ல லேசா மினுங்கணும், வழியக் கூடாது. வழியுற எண்ணெய் தோல் உறையில ஊறி அதையும் கெடுக்கும், தோட்டா ப்ரைமர்ல (அடியில இருக்கிற பொறி மருந்து) இறங்கினா அது வெடிக்காமலும் போகும்.

இதோட சேர்ந்தது வேர்க்கிற இரும்பு. குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான, ஈரமான இடத்துக்குக் கொண்டு போனா மேல தண்ணி பூக்கும், ஐஸ் தண்ணி டம்ளர் மாதிரி. மேட்டுல இருந்து போடிக்கு இறங்கினாலும் அதுதான், வெளிய இருந்து அடுப்பு எரியுற வீட்டுக்குள்ள வந்தாலும் அதுதான். சட்டைக்கு அடியில உடம்புச் சூட்டுல இருந்தா இந்தத் தொல்லை குறைவு; ஜீப் பெட்டியில கிடந்தா அதிகம். அதனாலதான் ரெண்டாவது அடுக்குன்னு அடிச்சுச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை எடுத்துட்டு, துப்பாக்கியை உறையில இருந்து வெளிய எடுத்துத் துடைச்சு, அரை மணி கழிச்சு இன்னொரு தரம் துடைச்சு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட பூட்டுப் பெட்டியில வைங்க. தோல் உறைக்குள்ளேயே ராத்திரி விடக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், மழைக்காலத்துல ஒரு வாரம் போதும், உருளை மேல புள்ளி புள்ளியா துரு.

தோல் பெல்ட்ல தோட்டா சொருகி வைக்கிறதும் அழகு மட்டும்தான். தோல்ல இருக்கிற அமிலத்துல பித்தளைக் கூடு பச்சை பூக்கும், அறையில நுழையாது, நுழைஞ்சா வராது.

உறையில பூஞ்சணம் வந்தா: வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி, துணியில தொட்டுத் துடைச்சு நிழல்ல காய வைங்க. வெயில்ல போடாதீங்க.

#13 மறையூர்_கரும்பு

சட்ட விஷயம் ஒண்ணு, யாரும் சொல்லலை. மறையூர்–உடுமலை ரோடு சின்னார் சரணாலயத்துக்குள்ள போகுது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31 படி எழுத்துல முன் அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள எந்த ஆயுதமும் கொண்டு போகக் கூடாது. லைசென்ஸ் ரெண்டு மாநிலத்துக்கும் இருந்தாலும் இது தனி. உறைக்குள்ள இருந்தது, காலியா இருந்ததுங்கிறது பதில் ஆகாது. துப்பாக்கி இருந்தா அந்த ரோட்டையே விட்டுடுங்க.

அப்புறம் லைசென்ஸ்ல செல்லுபடியாகும் பகுதின்னு இருக்கிற வரியைத் திரும்பப் படிங்க. தமிழ்நாடு மட்டும்னு இருந்தா போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டின உடனே அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி மாதிரிதான்.

தேர்தல் நேரம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொன்னா தோல் உறையோட குடுக்காதீங்க. எண்ணெய் தடவி, எண்ணெய்த் தாள்ல சுத்திக் குடுங்க, ரசீதுல நம்பர் சரிதானா பாருங்க. உறை வீட்டுல இருக்கட்டும்.

#14 கேப்ரோடு_பைக்

சின்னக்கானல் பக்கம் ஆனை நடமாட்டம் இருக்கே, மார்புல மாட்டுற உறை அதுக்கு ஆகுமா? வெளிநாட்டுல கரடிக்கு அப்படித்தான் போடுறாங்க.

#15 பழைய_ஆர்மரர்

.32 வெச்சு ஆனையா? சத்தம் கேட்டு அது திரும்புச்சுன்னா உங்களுக்குத்தான் ஆபத்து. பட்டுச்சுன்னா அட்டவணை ஒண்ணு விலங்கு, ஜாமீனுக்கு அலையணும். 2023 ஏப்ரல்ல அரிக்கொம்பனைப் பிடிச்சுப் பெரியாறு காட்டுக்குக் கொண்டு போனப்பக்கூட மயக்க ஊசி, கும்கிதான். ஆனைக்கு டார்ச், தூரம், வாட்ஸப் குரூப். மார்பு உறை அவங்க கோட்டுக்கு மேல வெளிய மாட்டுறது, நம்ம விதிப்படி முழுசா மறையணும். ஆகாது.

#16 சூரியநெல்லி_ஏலம்

குறுக்கு உறை, பட்டைத் தோல், தகடு வெச்ச வார்னு முடிவு பண்ணிட்டேன். பட்டறைக்கு என்ன அளவு கொடுக்கணும்? துப்பாக்கியைக் கொண்டு வரணுமா?

#17 கம்பம்_தோல்பட்டறை

கொண்டு வர வேண்டாம். வீட்டுல காலி பண்ணி, கண்ணாலயும் விரலாலயும் பாத்துட்டு, வெள்ளைத் தாள்ல இடப்பக்கமா படுக்க வெச்சு பென்சிலை நேரா நிமிர்த்திப் பிடிச்சு வரைங்க. பென்சில் சாய்ஞ்சா ரெண்டு மூணு மி.மீ. கூடிடும். அதுல குறிக்க வேண்டியது: குழல் நுனியில இருந்து டிரிகர் வளையத்து முன் விளிம்பு வரைக்கும் நீளம், உருளையோட அகலம் (வெர்னியர் இல்லாட்டி ரெண்டு தீப்பெட்டிக்கு நடுவுல வெச்சு இடைவெளியை அளங்க), முன் குறியோட உசரம், தாழோட இடம், ஹாமர் முதுகு. பெல்ட் அகலம். ஸ்வெட்டர் போட்ட இடுப்பளவு ஒண்ணு, சட்டை மட்டும் போட்ட இடுப்பளவு ஒண்ணு.

உறை வந்ததும் புதுசுல கெட்டியாத்தான் இருக்கும். காலித் துப்பாக்கியை மெல்லிசு பாலிதீன் ஒரு சுத்து சுத்தி உறையில விட்டு ஒரே ஒரு ராத்திரி விடுங்க (பாலிதீன் இருக்கிறதால இந்த ஒரு தரம் மட்டும்), அந்த அளவுக்கு இளகிடும். அப்புறம் வாரைப் போடாம, காலித் துப்பாக்கியோட கட்டில் மெத்தைக்கு மேல உறையைத் தலைகீழா பிடிச்சு நாலு குலுக்கு. விழக் கூடாது. விழுந்தா டிரிகர் வளையத்துக் கோட்டை மட்டும் ஈரத்துணி வெச்சு நனைச்சுத் திரும்ப அழுத்தணும். முழு உறையையும் நனைக்காதீங்க. விழலைன்னா, அதே ஜெர்கின் போட்டுக்கிட்டு வண்டி சீட்ல உட்கார்ந்து, காலியாவே இருபது முப்பது தரம் எடுத்து வெச்சுப் பாருங்க. எங்க மாட்டுதுன்னு எழுதுங்க, சாய்வை மாத்தித் துளை போட்டுக்கலாம்.

#18 சூரியநெல்லி_ஏலம்

கயித்தை வெட்டியாச்சு. தாள் நாளைக்கு பஸ்ல குடுத்து விடுறேன்.